இல்லாத மனிதன் கேட்ட விலை

எம்மோடு கற்பிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் பழைய தபால் முத்திரைகளைச் சேர்ப்பவர். சேர்த்தவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து அழகு பார்க்கும் பழக்கம் அவருக்கில்லை. வகுப்பறைக்குக் கொண்டு சென்று அவற்றைக் காட்டி வரலாறு படிப்பிப்பார். 1935 ஆம் ஆண்டு முதலாக இலங்கையில் வெளியிடப்பட்ட படமுத்திரைத் தொகுதியொன்றின் மீது அவருக்கு நெடுநாள் ஆசை. அத்தொகுதியின் இரண்டு சத முத்திரையில் இறப்பர் மரத்திற் பால்வெட்டும் காட்சி உண்டு. ஒன்பது சத முத்திரையில் கொழுந்து பறிக்கும் காட்சி உண்டு. இரண்டிலும் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் உண்டு. உழைத்தவர் யார், ஆண்டவர் யார் என்பதை விரலளவு தாள் ஒன்றிலே ஆட்சியாளரே அச்சிட்டுத் தந்த பாடம் அது என்பார் நண்பர்.

அத்தொகுதி இணையவழி ஏலம் ஒன்றில் விற்பனைக்கு வந்தது. ஏலத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயர் எமக்கு இங்கே வேண்டியதில்லை. இலண்டனிலுள்ள உறவினர் மூலம் பணம் செலுத்த ஏற்பாடு செய்துகொண்டு, நாற்பது பவுண் வரை கொடுக்கலாம் என்று நண்பர் தமது உச்ச வரம்பைப் பதிந்தார். வேறொருவர் பதினெட்டுப் பவுண் வரை வந்து நின்றுவிட்டார். விலை பத்தொன்பதில் நின்றது. கடைசி நாளுக்கு முந்திய இரவு புதியவர் ஒருவர் தோன்றினார். இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று படிப்படியாகக் கேட்டு, நாற்பத்தொன்றை எட்டியதும் நின்றார். ஏலம் அவருக்கே முடிந்தது. இரண்டு நாட்களின் பின் விற்பனையாளரிடமிருந்து கடிதம் வந்தது: வென்றவர் பணம் செலுத்தவில்லை, உங்கள் விலையாகிய நாற்பது பவுணுக்கே தரலாம், விருப்பமா?

நண்பர் அந்தப் புதியவரின் கேள்விகளை ஆராய்ந்து பார்த்தார். கணக்குத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் விலை கேட்ட பொருள்கள் யாவும் இந்த ஒரே விற்பனையாளருடையவை. ஒன்றையேனும் அவர் வாங்கியதாகத் தெரியவில்லை. விற்பனையாளரே வேறொரு பெயரில் வந்தாரா? அவருடைய தோழர் யாரேனும் வந்தாரா? அன்றி உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கைப்பணம் போதாமற் பின்வாங்கிய ஓர் ஏழை முத்திரைப் பிரியரா? நண்பர் ஆசிரியர் ஓய்வறையிலே எம்மிடம் இரண்டு வினாக்களை வைத்தார். “நான் கொடுக்கச் சம்மதித்த விலை நாற்பதுதானே, நாற்பதுக்கே வாங்கினால் நான் ஏமாற்றப்பட்டவனா? நிரூபிக்க முடியாத சந்தேகத்தோடு நான் செய்யத் தகுந்தது என்ன?”

இருபத்தொரு பவுண் வித்தியாசம் எமது ரூபாவில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டது. எமது சம்பளத்தில் அது சிறிய தொகையன்று. எனினும் உலக அநீதிகளின் பட்டியலிலே மிகச் சிறியது. ஆனால் அவர் கேட்ட வினாக்கள் சிறியவையல்ல. பொய் என்பது எப்பொழுது தீங்காகின்றது, சந்தேகம் என்பது எப்பொழுது நீதியாகின்றது என்ற இரு பழைய வினாக்களே புதிய உடையில் வந்து நின்றன.

முதலில் ஏலம் என்பதன் இயல்பை நோக்குவோம். கடையிலே விலையைக் கடைக்காரர் சொல்கின்றார். நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஏலத்திலோ விலையை எவரும் சொல்வதில்லை. அது கூடி நிற்பவர்களின் விருப்பங்களிலிருந்து பிறக்கின்றது. “ஒருதரம், இரண்டுதரம்” என்று ஏலக்காரர் கூவும்பொழுது, இதற்கு மேல் இப்பொருளை விரும்புவோர் இச்சபையில் உண்டா என்று அவர் மனிதரைக் கேட்கின்றார். ஆகவே ஏலத்திற் கேட்கப்படும் ஒவ்வொரு விலையும் இரண்டு காரியங்களைச் செய்கின்றது. நான் இவ்வளவு தருவேன் என்று வாக்குக் கொடுக்கின்றது. இப்பொருள் எனக்கு இவ்வளவு பெறுமதியுடையது என்று மற்றவர்களுக்குச் சாட்சியும் கூறுகின்றது. விலை கேட்பதைக் ‘கேள்வி’ என்று நாம் சொல்வது பொருத்தமானதே. பொய்க் கேள்வி என்பது வாங்கும் எண்ணம் சிறிதுமின்றி, விற்பவரின் நன்மைக்காக விலையை ஏற்றும் பொருட்டுக் கேட்கப்படும் கேள்வி. அங்கே வாக்கும் பொய், சாட்சியும் பொய்.

இணைய ஏலத்தின் பொறிமுறை இப்பொய்க்கு ஒரு புதிய வசதியை அளித்துள்ளது. வாங்க விரும்புபவர் தமது உச்ச வரம்பை ஏலத்தளத்தின் கணினிக்கு இரகசியமாகச் சொல்லிவிடுகின்றார். கணினி அவர் சார்பில், அடுத்தவரை வெல்லத் தேவையான அளவுக்கு மாத்திரம் படிப்படியாகக் கேட்டுச் செல்லும். எனவே வெல்பவர் கொடுப்பது தமது உச்ச விலையை அன்று. தமக்கு அடுத்து நின்றவரின் விலையைவிட ஒரு படி கூடியதை. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961 இல் எழுதிய ஆய்வில், வென்றவர் இரண்டாமவரின் விலையையே கொடுக்கும் ஏலத்தில் ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள உண்மை விலையைச் சொல்வதே அவரவர்க்கு நன்மை என்று காட்டினார். 1996 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றாம் நாள் அவர் காலமானார். உண்மை சொன்னால் நட்டமில்லை என்னும் அவ்வுறுதி ஒரேயொரு தூணிலே நிற்கின்றது: அந்த இரண்டாமவர் உண்மையான மனிதராக இருக்க வேண்டும். இரண்டாமவர் விற்பனையாளரின் நிழலாயின், உண்மை சொன்னவரே தண்டிக்கப்படுகின்றார். நிழல் இருட்டிலே கைநீட்டிப் படிப்படியாகத் தடவி, அவருடைய உச்ச வரம்பைக் கண்டுபிடித்து அதன் விளிம்பில் நிற்கின்றது. தவறி ஒரு படி தாண்டிவிட்டால், ‘வென்றவர் பணம் தரவில்லை’ என்று ஒரு கடிதம் எழுதினாற் போதும். அக்கடிதம் நண்பருக்கு வந்தது போன்றே இருக்கும். உண்மையாகவே வென்றவர் ஓடிப்போன விற்பனையாளரின் கடிதமும் அதே போன்றே இருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. எமது தேவாலயங்களின் அறுவடை விழாக்களிலே ஒரு வாழைக்குலையோ ஒரு பூசணிக்காயோ ஏலத்தில் விடப்படும்பொழுது, அதை வீட்டுக்குக் கொண்டு போகும் எண்ணமே இல்லாதவர்கள் சிரித்துக்கொண்டு விலையை ஏற்றுவதைக் கண்டிருக்கின்றோம். சந்தையில் நூறு ரூபா போகும் பொருள் அங்கே ஆயிரத்துக்குப் போகும். எவரும் ஏமாற்றப்படுவதில்லை. விலை பொருளுக்கன்று, பொதுக் காரியத்துக்கு என்பதை எல்லோரும் அறிவர். விலையை ஏற்றியவர் தம்மேல் ஏலம் முடிந்தால் முகம் சுளியாமற் கொடுக்கவும் ஆயத்தமாக நிற்பார். விலையை ஏற்றுவது தன்னளவிற் குற்றமன்று என்பதற்கு இது சான்று. மறைப்பதும், கொடுக்கும் எண்ணமின்றிக் கேட்பதுமே குற்றம்.

சட்டம் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தது. 1776 இல் இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒருவர் தமது குதிரையைப் பதினைந்து பவுணுக்குக் குறைய விற்க வேண்டாம் என்று ஏலக்காரரிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தார். ஏலக்காரரோ சபையில் உண்மையாகக் கேட்கப்பட்ட உயர்ந்த விலைக்கு, அது குறைவாயிருந்தும், விற்றுவிட்டார். குதிரைக்காரர் வழக்காடினார். பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு வழக்கைத் தள்ளினார். உயர்ந்த விலை கேட்டவருக்கே பொருள் என்று அறிவித்துவிட்டு, உரியவரே மறைவில் ஆள்வைத்து விலை கேட்பது மற்றவர்களுக்குச் செய்யும் மோசடி என்பது அவர் கண்ட நியாயம். அந்த ஏலக்காரரின் பெயர் ஜேம்ஸ் கிறிஸ்டி; இன்று உலகப் புகழ்பெற்ற கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தைத் தொடக்கியவர் அவரே. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொருள் விற்பனைச் சட்டம் இந்நியாயத்தை எழுத்தில் வடித்தது. விற்பவர் தாமும் விலை கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காவிடின் அவர் கேட்பது சட்டவிரோதம். அவ்விற்பனையை வாங்கியவர் மோசடியாகக் கொள்ளலாம். அச்சட்டத்தைப் பின்பற்றியே 1896 இல் எமது நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் ஆக்கப்பட்டது.

இனி நண்பரின் முதல் வினாவுக்கு வருவோம். நாற்பதுக்குச் சம்மதித்தவர் நாற்பதைக் கொடுத்தால் தீங்கு எங்கே? இவ்வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. வாய்மைக்கு இலக்கணம் தீங்கில்லாத சொல் என்று வள்ளுவர் வகுத்தார். தீங்கைக் காட்டாமற் பொய்யைக் கண்டிப்பது அவர் நெறியன்று. ஒருவர் தாம் விரும்பிய பொருளை, தாம் விரும்பிய விலைக்குள்ளேயே பெற்றார். அவர் அழவுமில்லை, பசிக்கவுமில்லை. பொய் அவரை என்ன செய்தது?

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். ஈபே என்னும் இணைய ஏலத்தளத்தில் ஒரு பெரிய ஓவியம் இருபத்தைந்து சதத்தில் ஏலத்துக்கு வந்தது. விற்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணி. ஓவியத்தைப் பற்றி ஒன்றும் அறியாத எளிய வீட்டுக்காரர் போன்று விவரணம் எழுதினார். யார் வரைந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்தின் மூலையில் மாத்திரம் ‘ஆர். டீ. 52’ என்ற எழுத்துக்கள் தெரிந்தன. 1993 இல் மறைந்த புகழ்பெற்ற கலிபோர்னிய ஓவியர் றிச்சட் டீபன்கோர்னின் கையொப்பமோ என்று பார்த்தவர்கள் தாமாகவே எண்ணினர். விலை ஏறியது, 1,35,805 டொலரிலே முடிந்தது. விற்றவர் தமது பொருளுக்குத் தாமே விலை கேட்டிருந்தார் என்பது வெளிப்பட, ஈபே நிறுவனம் விற்பனையை இரத்துச் செய்தது. விசாரணை தொடர்ந்தபொழுது, மூவர் கூடிப் பல பெயர்களில் ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை கேட்டு வந்தமையும், அந்த எழுத்துக்கள் பொய்யாக இடப்பட்டமையும் தெரிய வந்தன. 2001 இல் அவர்களுள் இருவர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அந்த ஏலத்திலே வாய்திறந்து சொல்லப்பட்ட பொய் மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். எளிய வேடமும் இரண்டு எழுத்துக்களும் விதையாயின; அவற்றுக்கு நீர் வார்த்தவை கேள்விகள். விலை ஏறுவதைக் கண்டவர், ‘அறிந்த எவரோ இதனை விரும்புகின்றார்; அறியாத நான் ஏன் தயங்க வேண்டும்?’ என்று எண்ணித் தாமும் ஏறினார். அவர் ஏறியதைக் கண்டு இன்னொருவர் ஏறினார். ஒருவரின் நம்பிக்கையே அடுத்தவருக்குச் சான்றாயிற்று. பொய்க் கேள்வியின் தீங்கு இதுவே. எம்முடைய விருப்பம் என்பது தனியறையிலே பிறந்து வளர்ந்த ஒன்றன்று; பிறர் எதை மதிக்கின்றனர் என்று பார்த்தே நாமும் மதிக்கப் பழகுகின்றோம். நாற்பது பவுண் என்று நண்பர் வரம்பு குறித்தது, ‘எனக்கு நிகராக விரும்பும் வேறொரு மனிதர் வந்தால், அவருக்கு முன் நான் இவ்வளவு வரை விட்டுக்கொடாமல் நிற்பேன்’ என்ற நிபந்தனையோடு. அந்த மனிதர் வரவில்லை, வந்ததாகக் காட்டப்பட்டது. அவ்வாறாயின் அவர் சம்மதித்தது வேறு, அவரிடம் பெறப்படுவது வேறு. களவு போனது பணம் மாத்திரமன்று; மற்ற மனிதர்களைப் பற்றிய உண்மையும் களவு போயிற்று.

இந்த இடத்திலே எமது தோழர் சிலர் வேறொரு மறுப்பை எழுப்புவர். மூலதனம் என்னும் நூலின் முதற் பாகத்திலே மார்க்ஸ் காட்டிய உதாரணம் அவர்களுக்கு மனப்பாடம். நாற்பது பவுண் பெறுமதியான திராட்சை மதுவைக் கொடுத்து ஐம்பது பவுண் பெறுமதியான தானியத்தை ஒருவர் தந்திரமாகப் பெற்றுக்கொண்டால், ஒருவர் கையிற் பத்துக் கூடுகின்றது, மற்றவர் கையிற் பத்துக் குறைகின்றது. சமுதாயத்தின் மொத்தப் பெறுமதி அப்படியே இருக்கின்றது. ஏமாற்றுக்காரர் ஒருவருமே இல்லாத சந்தையிலும் சுரண்டல் நடக்கின்றது. அதன் ஊற்று உற்பத்தியிலே உண்டு. அவ்வாறிருக்க, முத்திரை வாங்குவோரின் மனவருத்தத்துக்கு ஏன் இத்தனை பக்கம்? இது நடுத்தர வர்க்கத்தின் முணுமுணுப்பு அல்லவா?

மார்க்ஸ் கூறியது உண்மை. அதிலிருந்து தோழர் எடுக்கும் முடிபு பிழை. கொழுந்து பறித்தவருக்கு இழைக்கப்பட்ட அநீதி, கொழுந்தின் படத்தை வாங்கியவருக்கு இழைக்கப்பட்ட அநீதியிலும் பன்மடங்கு பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரிய அநீதியைக் காண்பதற்கு வேண்டிய கண்ணும் சிறிய அநீதியைக் காண்பதற்கு வேண்டிய கண்ணும் ஒன்றே. தராசிலே கல்லை மாற்றி வைப்பவர் முன் ‘இது சுற்றோட்டத்தில் நடக்கும் சிறு விடயம்’ என்று பேசாமல் நிற்பவர், தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் தராசு பொய் சொல்லும்பொழுதும் பேசாமல் நிற்கப் பழகிவிடுவார். மேலும், ஏமாற்று யாருக்குப் பயன்படுகின்றது என்று கேட்பது எமது கடமை. அவ்வாறு கேட்டால், இச்சிறு மோசடியின் பின்னே ஓர் அமைப்பு நிற்பது தெரியும்.

இணைய ஏலத்தை நடத்துபவர் விற்ற விலையில் ஒரு வீதத்தைத் தரகாகப் பெறுகின்றார். விலை எப்படி ஏறினும் அவருக்கு வரவே. ஈபேயை 1995 இல் தொடக்கிய பியெர் ஒமிடியார், மனிதர் அடிப்படையில் நல்லவர் என்ற நம்பிக்கையில் அதனை நிறுவியதாகச் சொன்னார். அங்கே முதலில் விற்பனையான பொருள் பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி, 14.83 டொலர். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் பற்றிக் கருத்து எழுதும் ஏற்பாடு 1996 இல் வந்தது. நம்பிக்கையை இவ்வாறு பதிவேட்டில் ஏற்றியது நல்ல முயற்சியே. பொய்க் கேள்வியை நிறுவனத்தின் விதிகள் தடைசெய்தும் உள்ளன. ஆயினும் 2000 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், விலை கேட்பவர்களின் பெயர்கள் மற்றவர்களுக்குத் தெரியாதவாறு மறைக்கப்பட்டன. தோற்றவர்களைத் தேடிப் பொய்க் கடிதம் எழுதும் வேறு மோசடிக்காரரைத் தடுப்பது அதன் நோக்கம், நோக்கம் நியாயமானது. விளைவோ, ஒரு திருடரைத் தடுக்கப் போட்ட திரை மற்றொரு திருடருக்கு மறைப்பாயிற்று. எந்தக் கணினியிலிருந்து எவர் எத்தனை பெயரில் வந்தார் என்பதை அறியக்கூடியவர் நிறுவனத்தினர். நட்டப்படுபவர் அறிய முடியாதவர்.

நடுவிலே நிற்பவரின் இரகசியம் எவ்வளவு பாரமானது என்பதற்கு ஜெர்மன் இலக்கிய வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1797 இல் மகாகவி கேத்தே ‘ஹேர்மனும் டொரத்தேயாவும்’ என்னும் தமது காவியத்தைப் பதிப்பாளர் பீவெக்குக்கு விற்க விரும்பினார். தாம் வேண்டும் விலையை ஒரு கடித உறையில் இட்டு மூடிப் பெற்றிகர் என்பவரிடம் கொடுத்தார். பதிப்பாளர் உறையைக் காணாமலே தமது விலையைச் சொல்ல வேண்டும். அது உறையிலுள்ள விலைக்குக் குறைந்தால் பேரம் முறியும். கூடினால் உறையிலுள்ள விலையே போதும். பதிப்பாளர் தம்மை எவ்வளவு மதிக்கின்றார் என்பதை அறியக் கவிஞர் செய்த அழகிய உபாயம் அது. பெற்றிகர் பதிப்பாளருக்கு முன்னதாகவே குறிப்புக் கொடுத்துவிட்டார். பதிப்பாளர் சொன்ன விலை ஆயிரம் தாலர். உறைக்குள் இருந்ததும் அதே ஆயிரம் தாலர். கவிஞருக்குக் கேட்ட பணம் கிடைத்தது. அறிய விரும்பிய உண்மை கிடைக்கவில்லை. பெற்றிகர் வைமார் நகர உயர்பாடசாலையின் அதிபர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் சற்று வெட்கத்தோடு நினைவுகூரலாம். கேட்டதைப் பெற்றவரும் ஏமாற்றப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எமக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. பேரேல மண்டபங்களிலே, விலை கேட்க எவருமே இல்லாதபொழுது ஏலக்காரர் சுவரையோ கூரையில் தொங்கும் சரவிளக்கையோ நோக்கி, அங்கே ஒருவர் கேட்டார் போன்று விலையை உயர்த்தும் வழக்கம் உண்டு. ‘சரவிளக்குக் கேள்வி’ என்றே அதற்குப் பெயர். விற்பவர் குறித்த அடிமட்ட விலையை எட்டும் வரை இவ்வாறு கேட்பதை நியூயோர்க் நகரின் விதிகள் நெடுங்காலம் அனுமதித்தன. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் 2010 இல், சிறிய பேருந்தொன்றை இணையத்தில் விற்றபொழுது வேறு பெயரில் தாமே விலை கேட்ட ஒருவர் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டு, அபராதத்தோடு 250 மணித்தியாலச் சமுதாய வேலையும் பெற்றார். பேருந்து விற்றவர் செய்தது குற்றமே. சரவிளக்கு கேட்டது நூற்பதிப்பின் அடிக்குறிப்பிலே, நுண்ணெழுத்தில் அறிவிக்கப்பட்ட வழக்கம் என்று வாதிக்கப்படும். அறிவித்தலுக்கும் அறிவித்தலுக்கும் வேறுபாடு உண்டு. அறுவடை விழாவில் எல்லோரும் அறிந்தது ஓர் அறிவு. பழகியவர் மாத்திரம் அறிந்தது வேறோர் அறிவு. 

1776 இல் உண்மையாக விற்றமைக்காக நீதிமன்றத்திற் காக்கப்பட்ட அந்தப் பெயரையும் இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். கிறிஸ்டீஸ், சதபீஸ் என்னும் இரு பெரும் ஏல நிறுவனங்களும் தரகுக் கட்டணத்தைத் தம்முள் கூடி நிர்ணயித்தமை 2000 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வாடிக்கையாளருக்கு இரண்டும் சேர்ந்து 512 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கின. சதபீஸ் தலைவராயிருந்த அல்பிரட் டோப்மன் 2001 இறுதியில் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2002 இல் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டார். முதலில் உண்மையைச் சொன்ன கிறிஸ்டீஸ் வழக்கிலிருந்து தப்பியது. போட்டியே சந்தையின் உயிர் என்று பிறருக்குப் போதித்தவர்கள், தமக்குள் போட்டியை ஒழித்திருந்தனர். ஆகவே பொய்க் கேள்வியை ஏதோ சில கெட்ட மனிதரின் குணக்கேடு என்று மாத்திரம் கொள்ளுதல் போதாது. விலை ஏறுவதில் இலாபமும், உண்மையை மறைப்பதில் வசதியும் ஒரே கையில் இருக்கும் இடமெல்லாம் அது முளைக்கும்.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. சந்தேகப்படுபவர் செய்யத் தகுந்தது என்ன?

அறிகுறிகள் உண்டு: புதிய கணக்கு, ஒரே விற்பனையாளரின் பொருளுக்கு மாத்திரம் கேள்வி, சிறுசிறு படியாக ஏறுதல், ஒருபொழுதும் வாங்காமை, கடைசியிற் பின்வாங்கல். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் குற்றமற்ற விளக்கமும் உண்டு. எல்லோரும் ஒரு நாள் புதியவரே. ஒரே விற்பனையாளரிடம் பல பொருள் எடுத்தால் அஞ்சற் செலவு குறையும் என்று சிக்கனக்காரர் எண்ணுவர். உச்ச வரம்பு என்ற முறையை அறியாதவர் படிப்படியாகவே கேட்பர். கையில் பணமில்லாதவர் ஆசையால் ஏறி அச்சத்தால் இறங்குவர். ஐந்து அறிகுறிகளும் ஒன்றாகக் கூடும்பொழுது சந்தேகம் வலுக்கின்றது, அறிவாக மாறிவிடுவதில்லை.

நண்பருக்கு முதலில் எழுந்த ஆத்திரம், விற்பனையாளரைத் திருடர் என்று எல்லோரும் காண எழுதிவிட வேண்டும் என்பதே. நாம் தடுத்தோம். பொய்க் கேள்வி, இல்லாத மனிதர் ஒருவரை இருப்பவராகக் காட்டுகின்றது. ஆதாரமற்ற குற்றச்சாட்டு, இருக்கின்ற மனிதர் ஒருவரை அவர் அல்லாத ஒருவராகக் காட்டுகின்றது. இரண்டும் தாம் அறியாததை அறிந்ததாகச் சபையில் வைக்கும் பொய்ச் சாட்சிகளே. ஏலத்தளங்களில் ஒரு சிறு விற்பனையாளரின் பிழைப்பு அவரைப் பற்றி எழுதப்படும் நாலு வரியிலே தங்கியிருக்கின்றது. அவர் வேலையிழந்த ஒருவராகவோ, தந்தையின் சேகரிப்பை விற்று வாடகை கட்டும் ஒருவராகவோ இருக்கலாம். எமது ஐயத்தின் சுமையை அவர் தலையில் தீர்ப்பாக ஏற்ற எமக்கு உரிமையில்லை.

அதற்காக வாய்மூடி இருப்பதும் அறமாகாது. ‘உங்கள் வரம்பைக் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள்’ என்று அனுபவசாலிகள் சொல்வர். கடைசி விநாடியில் விலையைப் பதிந்தால் பொய்க் கேள்விக்காரருக்குத் தடவிப் பார்க்க நேரமிராது என்றும் சொல்வர். இரண்டும் பயனுள்ள தற்காப்புக்கள், குற்றமும் அல்ல. ஆனால் மழைக்குக் குடை பிடிப்பது கூரையைத் திருத்துவதாகாது. எல்லோரும் கடைசி விநாடி வரை ஒளிந்திருப்பாராயின் ஏலம் என்ற பொதுச் சபையே கலைந்துபோம். ஒவ்வொருவரும் தத்தம் இருட்டிலே நின்று கல்லெறிபவராவர். தம்மைக் காப்பதோடு நின்றுவிடும் எச்சரிக்கை, அடுத்து வரும் அப்பாவியை அதே குழிக்கு விட்டுச் செல்கின்றது.

எனவே சந்தேகத்தை அதனை ஆராய வல்லவரிடம், சந்தேகமாகவே ஒப்படைக்க வேண்டும் என்பது எமது கருத்து. கண்டது இது, எண்ணுவது இது என்று இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். பதிவேடுகள் யார் கையில் உள்ளனவோ அவர்களுக்கே விசாரிக்கும் கடமையும் உண்டு; விசாரித்தோம், கண்டது இன்னது என்று முறையிட்டவருக்குச் சொல்லும் கடமையும் உண்டு. தரகைப் பெறுபவர் காவலையும் ஏற்க வேண்டும். இதனை ஒருவர் தனித்துக் கேட்டால் அச்சடித்த மறுமொழி வரும். வாங்குபவர் பலர் கூடிக் கேட்டால், சட்டமும் துணை நின்றால், மறுமொழி வேறாகும். கூட்டுறவுச் சங்கக் கடைகளைக் கண்ட எமது ஊர்களுக்கு இது புதிய பாடமன்று.

நண்பர் அன்றிரவு இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று ஏல நிறுவனத்துக்கு. கண்டவற்றை நாள், நேரத்தோடு குறித்து, விசாரிக்கும்படி கேட்டது. மற்றது விற்பனையாளருக்கு. அதில் குற்றச்சாட்டு ஒரு சொல்லும் இல்லை. “வென்றவர் விலகிவிட்டார் என்று எழுதியுள்ளீர்கள். விலகியவருடைய கேள்விகளும் அவரோடு விலகுவதே முறை. அவரை நீக்கிப் பார்த்தால் ஏலம் பத்தொன்பது பவுணில் நிற்கின்றது. அவ்விலைக்கு வாங்க நான் ஆயத்தம்” என்பதே அதன் சாரம்.

இக்கடிதத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விற்பனையாளர் குற்றமற்றவராயின் அதில் அவரைப் புண்படுத்த ஒன்றுமில்லை. குற்றமுடையவராயின் அதில் அவர் இலாபம் காண ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமலே, தெரிந்த ஒன்றிலே உறுதியாக நிற்கின்றது அது. இல்லாமற்போன மனிதர் பொய்யரா, மெய்யரா என்று தீர்ப்புக் கூறாமல், அவருடைய நிழல் விலையின் மீது விழக்கூடாது என்று மாத்திரம் கேட்கின்றது. சந்தேகம் நீதியாக மாறுவது இவ்விடத்திலேதான் என்று எமக்குத் தோன்றுகின்றது: எதிரே நிற்பவர் நல்லவராயினும் தீயவராயினும் ஒன்றுபோல நியாயமாக இருக்கக்கூடிய ஒரு கோரிக்கையைக் கண்டுபிடித்தல்.

விற்பனையாளரிடமிருந்து மறுமொழி வரவில்லை. அடுத்த வாரம் அதே முத்திரைத் தொகுதி மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. நிறுவனத்திடமிருந்து, முறைப்பாடு கிடைத்தது, ஆவன செய்யப்படும் என்று ஒரு வரி வந்தது. அதன் பின் ஒன்றும் வரவில்லை. நண்பர் இரண்டாம் முறை விலை கேட்கவில்லை. முத்திரை இல்லாமலே அவ்வாண்டு பாடம் நடந்தது. கரும்பலகையிலே அவர் இறப்பர் மரத்தையும், பால்வெட்டுபவரையும், மன்னரின் தலையையும் வெண்கட்டியால் வரைந்தார். பின்னர், ஒரு பொருளின் விலையை யார் தீர்மானிக்கின்றார் என்று மாணவரைக் கேட்டார். வகுப்பு நெடுநேரம் விவாதித்தது. கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “யார் யார் கேட்டவை என்று காட்டினால் சொல்லலாம், சேர்” என்றாளாம்.

அவள் கேட்டது முத்திரையைப் பற்றி மாத்திரமன்று என்று நண்பர் சொன்னார். தேயிலையின் விலை, நெல்லின் விலை, உழைப்பின் விலை ஆகிய யாவும் எம் கண்ணுக்குத் தெரியாத எவரெவரோ கேட்ட விலைகளாக எம்மிடம் வந்து சேர்கின்றன. அவர்களின் முகத்தைக் காட்டும்படி கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அம்முகம் தெரியும் வரை எவர்மீதும் பொய்யாகப் பழி சுமத்தாதிருக்கும் கடமையும் எமக்கு உண்டு.